யாழ்ப்பாணம் – கொழும்பு வீதியில் துணி இருக்கை: ஒரு பாவனையாளர் மதிப்பீடு

ஜப்பானில் பாவிக்கப்பட்டபின் இங்கு இறக்குமதியான 1500 சீசீ செடான் காரொன்றின் துணி இருக்கைகளைப் பற்றியும், அவற்றைச் சுத்தம் செய்து தருவதற்கு யாழ்ப்பாண நகரில் கிடைக்கும் சேவையைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். இயந்திரத்தைப் பற்றியும் எரிபொருள் செலவைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். கொழும்புவரை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போகிறவரின் முதுகையும் தொடையையும் பற்றி எழுதுவோர் குறைவு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த காரையே பேணி ஓட வேண்டியதாயிற்று. விலையைப் பார்த்தால் இனியும் பலருக்கு அதே நிலைதான். எனவே இருக்கையைப் பேணுவது ஆடம்பரமான கவலை அன்று. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் வெயிலுக்கும் எங்கள் தூரத்துக்கும் துணி இருக்கைதான் பொருத்தம், அதைக் கெடுப்பவை அதன்மேல் நாம் போடும் றெக்சின் உறையும், கழுவுவதாக நினைத்து ஊற்றும் தண்ணீருமே.

ஏ-9 வீதியில் ஆனையிறவைக் கடந்தபின் வவுனியா வரையில் பெரிய வளைவு என்று சொல்ல எதுவும் இல்லை. ஊர்மனைகளுக்கு வெளியே கார்களுக்கு மணிக்கு 70 கிலோமீற்றர், ஊர்மனைக்குள் 50 என்பதே சட்டம். பொலிஸார் எந்தெந்த மரநிழலில் நிற்பார்கள் என்பதும் அடிக்கடி போய்வருகிறவர்களுக்குத் தெரியும். ஆகவே கால் ஒரே அழுத்தத்திலும் கை ஒரே இடத்திலும் முதுகு ஒரே சாய்விலும் நீண்ட நேரம் கிடக்கின்றன. நகருக்குள் ஓடும்போது ஏறுவதும் இறங்குவதும் திரும்பிப் பார்ப்பதுமாக உடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். இருக்கையின் குறை வெளியே தெரியாது. மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில்தான் அது தெரியவரும்.

துணியின் அருமையும் அங்கேதான் விளங்கும். இந்த இருக்கைகளின் துணி பருத்தி அன்று, பொலியெஸ்டர். பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். பொலியெஸ்டர் வாங்குவது 0.4 சதவீதம் மட்டுமே. அப்படியானால் வியர்வை எங்கே போகிறது என்று கேட்கலாம். அது நூலுக்குள் போகாமல், நூல்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் வழியே பரவித் துணியின் பின்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய பஞ்சுப் படலத்தை அடைந்து, ஏசியின் உலர்ந்த காற்றிலும், உடல் சற்று அசையும்போதெல்லாம் பஞ்சு உள்ளிழுத்து வெளிவிடும் காற்றிலும் மெல்ல மெல்ல உலர்ந்துவிடுகிறது. றெக்சினுக்கு இந்த வழி அடைபட்டிருப்பதால் ஈரம் சட்டைக்கும் இருக்கைக்கும் நடுவிலேயே தங்கி, வவுனியாவில் தேநீர் குடிக்க இறங்கும்போது முதுகில் ஒட்டிய சட்டையை இழுத்துவிட வேண்டியிருக்கிறது. சூட்டிலும் இதே வேறுபாடு உண்டு. வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் ஒரு மணித்தியாலத்துக்குள் வெளியைவிட 20 பாகை செல்சியஸ் அளவுக்கு மேலே போய்விடக்கூடும். துணியின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமானது. தோலைத் தொடும் இடங்கள் குறைவு. அதனால் அது சூடாக இருக்குமே தவிரச் சுடாது.

வாடகை வான் ஓட்டுநர்கள் சாரதி இருக்கையில் ஒரு துவாயை விரித்திருப்பதைப் பலரும் அழுக்குப் படாமல் இருப்பதற்கான ஏற்பாடாகவே கருதுகிறார்கள். மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் அதற்கு வேறொரு நியாயமும் இருப்பது தெரியும்: பொலியெஸ்டர் வாங்காத ஈரத்தைப் பருத்தித் துவாய் வாங்கிக்கொள்கிறது, கழற்றித் துவைத்து வெயிலில் போடவும் முடிகிறது. ஆனால் துவாய் சுருங்கி மடிந்தால் அந்த மடிப்பு இரண்டு மணித்தியாலத்துக்குள் தொடையில் கோடு போட்டுவிடும். இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் இடையிலுள்ள பிளவுக்குள் அதன் ஒரு ஓரத்தை ஆழமாகச் செருகி, மறு ஓரத்தை முன்புறம் கீழே இழுத்து நாடாவால் கட்டினால் அது அசையாது. கடையில் விற்கும் எந்தக் கோடைகால உறையும் இதைவிட அதிகமாக எதையும் செய்வதாக எனக்குத் தெரியவில்லை.

துணியின் பிடிமானமும் நீண்ட பயணத்தில் கவனிக்க வேண்டியது. கட்டாக்காலி மாடுகள் வீதிக்கு ஏறும் இடங்களில் சடுதியாகப் பிரேக் போட நேரும். பட்டுச்சேலையோடு றெக்சின் இருக்கையில் இருப்பவர் அப்போது முன்னுக்கு வழுக்கிப் போவார். துணியில் உடல் இருந்த இடத்திலேயே நிற்கும். அதற்கு விலை ஒன்று உண்டு: சேலையின் சரிகை விளிம்பும் காப்பின் கொக்கியும் துணியின் நூலை இழுத்துவிடும். எங்கள் காரின் பின் இருக்கையில், கதவோரமாக, கல்யாண வீடுகளின் சாட்சியாக இப்படி இழுபட்ட நூல் வளையங்கள் சில இருக்கின்றன. அவற்றைக் கத்தரிக்கோலால் வெட்டவே கூடாது. வெட்டினால் அந்த இடத்திலிருந்து நெசவு பிரிய ஆரம்பிக்கும். தடித்த ஊசியின் முனையால் வளையத்தைத் துணியின் பின்புறத்துக்கு மெதுவாகத் தள்ளிவிட்டால், கூர்ந்து பார்த்தாலன்றி இடம் தெரியாது.

இருக்கையின் வடிவமைப்பைப் பொறுத்தவரை எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. உட்காரும் பகுதி நீளம் குறைவானது. உயரமான ஒருவர் அமர்ந்தால் முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருப்பதற்குப் பதிலாக ஒரு சாண் வெளியே நிற்கிறது. சாய்மானத்தின் கீழ்ப்பகுதி தட்டையாக இருக்கிறது. மதவாச்சியில் அநுராதபுரப் பக்கம் திரும்பிப் புத்தளம் நெருங்கும்போது இடுப்புக்கு மேலே ஒரு கனம் தொடங்குகிறது. சிறிய துவாயொன்றை உருட்டி இடுப்புப் பட்டி இருக்கும் மட்டத்துக்குச் சற்று மேலே வைத்து, சாய்மானத்தை நூறு பாகையை ஒட்டிய சாய்வுக்குக் கொண்டுவந்தால் அந்தக் கனம் பெருமளவு விலகுகிறது. ஆனாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பதற்கு ஈடாக எந்த இருக்கையும் இல்லை. அந்த வகையில் முறிகண்டியில் வாகனத்தை நிறுத்தும் வழக்கம் பிள்ளையாருக்கு மட்டுமன்றி முதுகுக்கும் செய்யும் தொண்டு.

சொகுசு குறைந்துவிட்டது என்று நாங்கள் துணியைக் குறை சொல்லும்போது பெரும்பாலும் குற்றம் உள்ளேயிருக்கும் பஞ்சுடையது. பொலியூரத்தேன் பஞ்சு காலப்போக்கில் தளர்ந்து, சாரதி இருக்கையின் வெளிப்புற ஓரம் முதலில் அமுங்கும். ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் முழுப்பாரமும் அந்த ஓரத்தில்தான் விழுகிறது. எங்கள் நாட்டில் சாரதி வலப்புறம் இருப்பதால், பிற்பகலில் புத்தளத்திலிருந்து தெற்கு நோக்கிப் போகும்போது மேற்கு வெயிலும் அதே ஓரத்தில்தான் அடிக்கிறது. தேய்மானமும் வெளிறலும் ஒரே இடத்தில் சேர்வதற்கு இதுவே காரணம். குஷன் கடையில் இதைச் சரிசெய்யக் கொடுப்பவர்கள் எந்தப் பஞ்சு வைக்கிறார்கள் என்பதை நின்று பார்க்க வேண்டும். பல நிறத் துண்டுகளை ஒட்டி அமுக்கிய பஞ்சு மலிவானது. கடையில் கையால் அழுத்திப் பார்க்கும்போது உறுதியாகத் தோன்றும். கிளிநொச்சி தாண்டியதும் பலகை போலாகிவிடும். அமுங்கிய ஓரத்தை மட்டும் வெட்டி, அடர்த்தியான நல்ல பஞ்சைச் செருகி ஒட்டி, பழைய துணியையே மேலே திரும்பப் போட்டுத் தரச் சொல்வதே புத்தி. புதிய உறை தைப்பதில் கடைக்காரருக்கு வருமானம் அதிகம் என்பதால் அவர் இதற்கு இலகுவில் சம்மதிக்கமாட்டார்.

உறை என்றால் இங்கே றெக்சின்தான். போருக்கு முன்பும் போர்க்காலத்திலும் யாழ்ப்பாணத்தில் ஓடிய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்களின் இருக்கைகளில் தோலும் றெக்சினுமே இருந்தன; பளபளப்பான இருக்கைதான் வசதியின் அடையாளம் என்ற எண்ணம் அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். அந்தக் கார்களில் ஏசி இல்லை, கண்ணாடிகளை இறக்கிவிட்டுத்தான் ஓடினார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டோம். இன்று செயற்கைத் தோல் என்று விற்கப்படுபவற்றில் ஒரு வகை எங்கள் சூட்டிலும் ஈரப்பதனிலும் சில வருடங்களில் செதில் செதிலாக உரிந்து, வெள்ளை வேட்டியில் ஒட்டிக்கொள்கிறது. அதைவிடப் பாரதூரமான விடயம் ஒன்றும் உண்டு. முன் இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை பொருத்தப்பட்ட கார்களில், சாய்மானத்தின் ஓரத்தில் அதைத் தெரிவிக்கும் சிறிய துணித்துண்டு தைக்கப்பட்டிருக்கும். அந்தப் பை இருக்கையின் தையலைப் பிளந்துகொண்டு வெளிவருவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. அதற்கு இடம்விடாமல் தைக்கப்பட்ட உறையை இறுக்கமாக மாட்டினால், விபத்து நேரத்தில் பை விரிய வழியிருக்காது. உறை வாங்குகிறவர்கள் நிறத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளில் பாதியையாவது இதைப் பற்றிக் கேட்க வேண்டும். ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும்: நாளாந்தம் வாடகைக்கு ஓடும் வாகனத்துக்கும், மீன்பெட்டியோடு ஆட்கள் ஏறும் வாகனத்துக்கும் றெக்சினே தகும். துடைத்துவிட்டு அடுத்த பயணத்துக்குப் போகலாம். காரை வாங்கியபோது இருந்த பொலித்தீனைக் கழற்றாமல் வைத்திருப்பவர்களைப் பற்றி மட்டும் எனக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லை.

பராமரிப்பில் முதலிடம் உறிஞ்சும் கருவிக்கே. வலிகாமத்துச் செம்மண் மிக நுண்ணியது. அது துணியின் மேல் கிடக்கும்வரை வெறும் தூசி, ஈரம் பட்டால் சாயம். முறிகண்டியில் வாங்கும் கச்சானின் கோது பெரியதாதலால் கையால் பொறுக்கிவிடலாம். பருப்பின் மேலுள்ள செந்நிறத் தோல்தான் தையலோரத்துக்குள் புகுந்து நாட்கணக்காக இருக்கும். கோவிலிலிருந்து திரும்பும்போது சிந்தும் விபூதியும் அப்படியே. அதை ஈரத்துணியால் துடைத்தால் வெண்படலமாகப் படிந்துவிடும். உலர்ந்த நிலையிலேயே உறிஞ்ச வேண்டும். கருவியின் ஒடுங்கிய மூக்கைத் தையல் வழியாக மெதுவாக இழுத்துக்கொண்டு, மற்றக் கையால் துணியைத் தட்டிக்கொண்டே போனால் பஞ்சுப் படலத்தில் தங்கிய மண்ணும் மேலே எழும்பும். இதை ஒழுங்காகச் செய்தால் தண்ணீரின் தேவை மிகவும் குறைந்துவிடும்.

தண்ணீர் என்றதும் எங்கள் கிணறுகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல் பாறைக்குள் தேங்குவது, ஆகவே வன்மையானது. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு துணி இருக்கையிலும் படியும். ஈரம் உலரும்போது தண்ணீர் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து, தான் கரைத்து வந்த சுண்ணத்தையும் அழுக்கையும் ஓரத்தில் விட்டுப் போவதால், கழுவியபின் கறை போய் அந்த இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளைக்கோடு நிற்கிறது. சவர்க்காரம் இந்த நீரோடு சேர்ந்தால் பிசுபிசுப்பான ஆடையாகி நூலில் ஒட்டுகிறது. மழைநீரைப் பிடித்து வைத்திருப்பவர்கள் அதைப் பாவிக்கலாம். இல்லாவிட்டால் வடித்துச் சுத்திகரித்த குடிநீர் ஒரு போத்தல் போதும், ஏனென்றால் வேண்டியது அவ்வளவுதான். ஏற்கனவே விழுந்த வெள்ளைக்கோட்டுக்கு நிறமற்ற வினாகிரியை அப்படி நல்ல நீரில் ஐதாக்கித் துணியால் ஒற்றி எடுத்தால் சுண்ணம் கரைந்து வந்துவிடும்.

நகரில் இந்தச் சேவையைத் தரும் இடங்களில் இரண்டு விதமான வேலை நடக்கிறது. இரண்டிடமும் காரைக் கொடுத்துப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன், பெயர்களைத் தவிர்க்கிறேன். முதலாவது இடத்தில் இருக்கைகளை வெளியே எடுத்து, நுரை தடவி, தூரிகையால் தேய்த்து, வாகனம் கழுவும் குழாயாலேயே தண்ணீர் அடித்தார்கள். காரைத் திருப்பித் தந்தபோது மேல்துணி காய்ந்திருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினால் குளிர்ந்த ஈரம் விரல்களுக்கிடையே வந்தது. சில நாட்களில் ஏசியைப் போட்டாலே ஈரச்சாக்கின் நாற்றம் வீசத் தொடங்கியது. மேலும், இருக்கைக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் உள்ள இணைப்பிகள் காற்றுப்பைக்கு உரியவை. பற்றரியைக் கழற்றிக் குறைந்தது ஒன்றரை நிமிடம் பொறுத்தபின்பே அவற்றைப் பிரிக்க வேண்டும். அங்கே அந்தப் பொறுமை இருக்கவில்லை. காற்றுப்பை விளக்கு எரிந்தபடிதான் கார் வீடு வந்தது. அதை அணைப்பதற்குக் கணினிச் சோதனைக்கு வேறாகக் காசு கட்ட வேண்டியதாயிற்று. பல கார்களில் முன்னால் இருக்கும் பயணியின் இருக்கைக்குள் ஆள் இருப்பதை அறியும் உணரியும் உண்டு என்பதால், குழாயால் தண்ணீர் அடிப்பது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

இரண்டாவது இடத்தில் வேலை செய்த இளைஞர் இருக்கைகளைக் கழற்றவில்லை. நீண்ட நேரம் உலர்ந்த நிலையில் உறிஞ்சினார். பிறகு சுத்திகரிப்புத் திரவத்தைத் தெளித்த கையோடு உறிஞ்சி எடுக்கும் கருவியால், ஒரு கை அகலத்துக்கு ஒரு கை அகலமாக, ஒரே திசையில் இழுத்துக்கொண்டு போனார். கருவியின் கண்ணாடி மூக்கு வழியே முதலில் தேநீர் நிறத்திலும் போகப்போகத் தெளிந்தும் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க முடிந்தது. அது தெளியும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. “ஐயா, தண்ணி விடுறது லேசு, திருப்பி எடுக்கிறதுதான் வேலை” என்றார். கறைபட்ட இடத்தை மட்டும் நனைக்காமல், தையலிலிருந்து தையல்வரை அந்தப் பகுதி முழுவதையும் ஒரே சீராக நனைத்து எடுத்ததால் வட்டக்கோடு எதுவும் விழவில்லை. முடிந்தபின் ஏசியை முழு விசையில், ஈரக்காற்று வெளியேறும்படி கண்ணாடிகளைச் சற்று இறக்கி, ஓடவிட்டார். கட்டணம் முதலாவது இடத்தைவிடக் கூட; ஆனாலும் நல்ல ரயர் ஒன்றின் விலையைவிடக் குறைவு. கொடுத்த காசுக்கு நியாயமான வேலை.

கறைகளில் எங்களுக்கே உரியவை இரண்டு. ஒன்று சோற்றுப் பார்சலிலிருந்து சிந்தும் மஞ்சள் கலந்த கறி. அவசரப்பட்டுச் சவர்க்காரத் தூளைப் போட்டுத் தேய்த்தால் கறை செங்கபில நிறமாக மாறும். ஆலாத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பதைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பு இராது, காரத்தன்மை பட்டால் மஞ்சளின் நிறம் அப்படித்தான் மாறும். முதலில் எண்ணெயைக் கடதாசியால் ஒற்றி எடுத்து, ஐதான வினாகிரியால் துடைத்து, மீதியாகத் தெரியும் மஞ்சளை வெயிலுக்கு விட்டுவிடலாம். மஞ்சளின் சாயம் ஒளியில் அழிவது. கதவைத் திறந்து வெயில் படும்படி நிறுத்தினால் சில நாட்களில் மங்கிப் போகும். மற்றது கருவாடு. கொழும்பிலுள்ள உறவினருக்கு ஒடியலும் பனங்கட்டியும் கொண்டுபோவதில் இருக்கைக்கு ஒரு பாதிப்பும் இல்லை; கருவாட்டுப் பொதியின் மணமோ துணிக்குள் இறங்கினால் புத்தளத்தில் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டாலும் போகாது. பலர் அப்பச்சோடாவைத் தூவிப் பார்க்கிறார்கள். வியர்வை மணத்துக்கு அது உதவும். மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உடையது என்பதால் அதற்குப் புளிப்புத்தான் மாற்று. இங்கும் வினாகிரியே, மெல்லிய தெளிப்பாக. குழந்தைகள் சத்தி எடுத்தால் முதலில் கடதாசி அட்டையால் வழித்து எடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்ற வேண்டும். சுடுநீர் பட்டால் பாலும் முட்டையும் நூலில் இறுகிவிடும்.

எந்தக் காலத்தில் செய்கிறோம் என்பதும் முக்கியம். ஐப்பசி முதல் மார்கழி வரையான மழைக்காலத்தில் நனைத்த பஞ்சு உலர்வதில்லை. பூஞ்சணம் பிடித்தால் பஞ்சையே மாற்ற வேண்டி வரலாம். அந்த மாதங்களில் உறிஞ்சும் கருவியோடும், ஏசியை ஓடவிட்டு உட்புற ஈரத்தைக் குறைப்பதோடும் நிறுத்திக்கொள்வது நல்லது. சோளகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, வீசும் காலத்தில் நான்கு கதவுகளையும் திறந்துவைத்தால் ஒரு பகலிலேயே இருக்கை உள்வரை உலர்ந்துவிடும்; காற்றோடு வரும் புழுதிக்கு மட்டும் ஒரு மெல்லிய வேட்டியை மேலே போட்டுவிட வேண்டும். அடுத்த முறையும் சோளகம் தொடங்கியபின் அந்த இரண்டாவது இடத்துக்கே காரைக் கொண்டுபோவதாக இருக்கிறேன். சாரதி இருக்கையின் வலப்புற ஓரத்துக்குப் பஞ்சு செருகும் வேலையை அதற்கு முன்னரே குஷன் கடையில் முடித்துவிட வேண்டும். கழற்றிப் பூட்டும்போது படும் கைக்கறையும் அதே சுத்திகரிப்பில் போய்விடும்.